பிங் போகிறது, சுவிட்ச் நன்றாக இருக்கிறதா?

கேள்வி: ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். ரிங்காக (வளையமாக) இணைத்த, செட்டிங் மாற்றக்கூடிய 12 மேனேஜ்டு நெட்வொர்க் சுவிட்சுகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் சோதனை) போகிறது. ஆனாலும் வாரத்தில் ஒன்றிரண்டு முறை ஒரு லைனில் மட்டும் பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தொடர்பு அறுந்து, சில நொடிகளில் தானாக வந்துவிடுகிறது. ஐடி ஆள் தனியாகக் கிடையாது. அதிகச் செலவில்லாமல் சுவிட்சுகளை எப்படிக் கண்காணிப்பது?

பதில்: ரிங்கில் ஒரு பக்கம் அறுந்து கிடந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிப் பிங் போய்க்கொண்டுதான் இருக்கும். ரிங் போடுவதே அதற்காகத்தானே! அதனால் முதல் வேலையாக, ரிங்கைக் கவனிக்கும் ரிங் மேனேஜராக இருக்கும் சுவிட்சின் வெப் பக்கத்தைத் திறந்து ரிங் மூடியிருக்கிறதா (முழுதாக இருக்கிறதா), திறந்திருக்கிறதா (எங்கோ அறுந்திருக்கிறதா) என்று பாருங்கள்.

ஒரு ஆலையில் இப்படித் திறந்து பார்த்தபோது ரிங் திறந்தே கிடந்தது. கேபிள் ட்ரேயில் ஃபைபரை எலி கடித்திருந்தது. எப்போதிலிருந்து என்று சுவிட்சின் நிகழ்வுப் பதிவான லாகில் தேடினால் எல்லாப் பதிவுகளிலும் 1970 ஜனவரி 1. யாரும் கடிகாரத்தை அமைக்கவில்லை. நீங்கள் சரியான நேரம் தரும் என்டிபி சர்வர் முகவரியை 12 சுவிட்சுகளிலும் இன்றே கொடுத்துவிடுங்கள். நேரம் சரியில்லாத லாகை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் தொடர்பு அறுவதற்கும் ரிங்கே காரணமாக இருக்கலாம். எம்ஆர்பி (ரிங்குக்கான ஒரு நெறிமுறை) ரிங்கில் ஒரு இணைப்பு விழுந்தால் பாதை மாற 200 மில்லிநொடி வரை ஆகலாம். பிஎல்சியோ 8 மில்லிநொடிக்கு ஒருமுறை தரவை எதிர்பார்த்து, மூன்று முறை வராவிட்டால் விட்டுவிடும்படி அமைந்திருந்தால் 24 மில்லிநொடியிலேயே தொடர்பை முறித்துவிடும். லூசான ஒரு கனெக்டர் போதும், இது அடிக்கடி நடக்க.

சரி, கண்காணிப்புக்கு வருவோம். நான் முதலில் கை வைப்பது மென்பொருளில் இல்லை, சுவிட்சின் அலாரம் ரிலேயில். பெரும்பாலான தொழிற்சாலை சுவிட்சுகளில் பவர் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். இரண்டு ஒயர் இழுத்து பிஎல்சியில் காலியாக உள்ள டிஜிட்டல் இன்புட்டில் கொடுத்தால் ஆபரேட்டர் பார்க்கும் ஹெச்எம்ஐ திரையில் அலாரம் வந்துவிடும். இரண்டு 24 வோல்ட் சப்ளையில் ஒன்று செத்து, மற்றொன்றில் சுவிட்ச் ஓடுவது இப்படித்தான் வெளியே தெரியும். எந்தெந்தக் கோளாறுக்கு ரிலே விழ வேண்டும் என்பதைக் கான்ஃபிகரேஷனில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சப்ளைதான் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் இரண்டாவதற்கான அலாரத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அலாரம் நாள் முழுக்க அணையாமல் நிற்கும். ஏதாவது ஒரு நைட் ஷிப்டில் யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

அப்புறம் எஸ்என்எம்பி, அதாவது சுவிட்சின் நிலையை நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கும் முறை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஜாபிக்ஸ் அல்லது லிப்ரேஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போடலாம், இரண்டுமே இலவசம். சுவிட்ச் தானாக அனுப்பும் ட்ராப் எச்சரிக்கையை மட்டும் நம்பாதீர்கள். அது, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யுடிபியில் போகிறது, பாதை அறுந்த நேரத்தில் அதுவும் தொலையும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

கேட்க வேண்டியவற்றில் முக்கியம் ஒவ்வொரு போர்ட்டின் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கை. 40,000 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது என்றோ நடந்ததாக இருக்கலாம். கவுன்டரை அழித்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். ஏறியிருந்தால் அந்த கேபிள் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் போகிறதா, கிரிம்ப் சரியா என்று பாருங்கள். ஒரு முனையில் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டிவைத்து மறுமுனையை ஆட்டோவில் விட்டாலும் இதே பிழை வரும், ஏனென்றால் ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும்.

ட்ராஃபிக்கை 64 பிட் கவுன்டரில் எடுங்கள். 100 எம்பிபிஎஸ் முழு ஓட்டத்தில் 32 பிட் கவுன்டர் ஆறு நிமிடத்துக்குள் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஃபைபர் போர்ட்டில் எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்டும் மாட்யூல்) சொல்லும் ஒளி அளவை இப்போதே குறித்து வையுங்கள். பின்னால் அதிலிருந்து 3 டெசிபல் குறைந்தால் வந்து சேரும் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். அப்டைம் (தொடர்ந்து ஓடிய நேரம்) குறைந்தால் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. (497 நாள் ஓடினால் அந்த எண்ணும் தானாகப் பூஜ்யமாகும். ஒருமுறை அதை நம்பி நல்ல பவர் சப்ளையை மாற்றியவன் நான்.)

எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போல இருக்கும் கம்யூனிட்டி பெயர் "பப்ளிக்" என்றே இருந்தால் மாற்றுங்கள். சுவிட்ச் ஏற்றால் எஸ்என்எம்பி வெர்ஷன் 3 போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஷட்டவுன் நாளில் ரிங்கின் ஒரு கேபிளைக் கழற்றி, அலாரம் வருகிறதா என்று பாருங்கள். மறுபடி மாட்டிய பிறகு ரிங் மூடியதையும் பார்த்துவிட்டுப் பேனல் கதவைச் சாத்துங்கள். அடுத்த முறை அந்த லைன் அறும்போது பிஎல்சியின் கோளாறுப் பதிவான டயக்னாஸ்டிக் பஃபரில் உள்ள நேரத்தையும் சுவிட்ச் லாகையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த போர்ட் என்று தெரிந்துவிடும். அந்த கேபிளை மாற்றிவிட்டு ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.