டிசம்பர் 21 தாண்டியும் சூரியன் தாமதமாக உதிப்பது ஏன்?

ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ல்தானே, அதன் பிறகும் ஆப்பில் உதய நேரம் தள்ளிப்போகிறதே, ஆப் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஆப் தப்பாகக் காட்டவில்லை. சென்னையில் டிசம்பர் 21-க்குப் பிறகும் உதயம் தள்ளிக்கொண்டேதான் போகும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் 6.35 வரை போய்விட்டுத்தான் திரும்பும். ஆனால் பகல் நீள ஆரம்பித்துவிட்டது. காலை நடைக்குப் போகிறவர் என்பதால் உங்களுக்கு அது கண்ணில் படவில்லை. மாலையைப் பாருங்கள்: நவம்பர் 20 வாக்கில் 5.40-க்கு மறைந்த சூரியன் டிசம்பர் 21-ல் 5.48-க்கு மறைகிறது, ஜனவரி 20-ல் 6.05 ஆகிவிடும்.

காரணம், கடிகாரம் சீராக ஓடுகிறது, சூரியன் அப்படி இல்லை. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வந்து வேகம் எடுக்கிறது. இரண்டும் சேர்ந்து இந்த நாட்களில் உச்சிப்பொழுதைத் தினமும் கிட்டத்தட்ட அரை நிமிடம் பின்னால் தள்ளுகின்றன. உதயமும் அதன் பின்னாலேயே போகிறது.

நம்பிக்கை வரவில்லையா? மொட்டைமாடியில், மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறியுங்கள்; அதுதான் உச்சிப்பொழுது. டிசம்பர் 21-ஐ ஒட்டி 12.07 வாக்கில் வரும். பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் பார்த்தால் 12.20-ஐ ஒட்டி இருக்கும். குச்சி சாய்ந்தால் கணக்கு கெட்டுவிடும். நான் முதல்முறை அப்படித்தான் ஏமாந்தேன்.

ஒன்று, இந்த நேரங்கள் சென்னைக்கு மட்டும். லண்டனில் உதயம் புத்தாண்டையொட்டியே திரும்பிவிடும். அப்புறம், நீண்ட பகலுக்கு ரொம்பவும் ஆசைப்படாதீர்கள்: இங்கே மிகக் குறுகிய பகலே 11 மணி 22 நிமிடம், ஜூனில் 12 மணி 53 நிமிடம், அவ்வளவுதான்.