காலி கேனைக் குத்திப் போட்டீர்களா?

பைக்குக்கு ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை மெக்கானிக்கே வைத்துக்கொள்கிறார். அதற்குக் காசு கழிக்க வேண்டாமா? (பள்ளத்தூர் வாசகர்)

ஒரு லிட்டருக்கு என்ன கழிப்பார், டீக்காசா? சாக்கடையில் ஊற்றாமல் டிரம்மில் சேர்க்கிறாரா என்று பாருங்கள், போதும்.

'ரீசைக்கிள்' இன்ஜின் ஆயில் பாதி விலைக்கு வருகிறது. பில் கிடையாதாம். வாங்கலாமா? (கோட்டையூர் வாசகர்)

ரீசைக்கிள் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஓடி ஓடி ஆயில் தேய்ந்துவிடாது. அதில் கலந்த மருந்துகள் தீர்ந்துபோகும். கரி, தண்ணீர், இரும்புத்தூள் சேரும். முறையான ஆலையில் தண்ணீரையும் கலந்துவிட்ட டீசலையும் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, புது ஆயிலுக்கு நிகராகவே எடுக்கிறார்கள். கச்சா எண்ணெயை இறக்குமதி செய்கிற நாட்டுக்கு இது காசு. 2024 ஏப்ரலிலிருந்து, ஆயில் தயாரிப்பவர்களே கழிவு ஆயிலில் ஒரு பங்கின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

உங்களுக்கு வருவது அந்தச் சரக்கா? தயாரித்தவர் முகவரி, ஏ.பி.ஐ. தரம் (ஆயிலின் தரக் குறியீடு), பேட்ச் எண் மூன்றும் கேனில் இருக்கிறதா? இல்லையென்றால், வடிகட்டி மண் போட்டு வெளுக்கவைத்த கறுப்பு ஆயிலாகத்தான் இருக்கும். பாதி விலை, பில் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டு என்னை எதற்குக் கேட்கிறீர்கள்?

இன்னொன்று, ரொம்ப நாளாக மனதில் கிடப்பது. போலி ஆயிலுக்கு அசல் கேன் கொடுப்பது யார்? நாம்தான். மூடியும் லேபிளும் கலையாமல் பழைய இரும்புக் கடையில் போடுகிறோம். அது நிரம்பித் திரும்பி வருகிறது. ஆயில் ஊற்றியதும் ஸ்குரூ டிரைவரால் கேனின் அடியில் நாலு குத்து குத்துங்கள், லேபிளைக் கிழியுங்கள். மெக்கானிக் முறைத்தால் முறைக்கட்டும்.

பில்லோடு வாங்கிய ஆயில்தான். பதினைந்து நாளில் என் லோடு வண்டி இன்ஜின் ஜாம். கடைக்காரர் கைவிரிக்கிறார். (தேவகோட்டை வாசகர்)

வயிறு எரிகிறது. உங்கள் மேல் தவறில்லை. கேன், மிச்ச ஆயில், பில் எதையும் விடாதீர்கள். இன்ஜினைப் பிரிக்கும்போது படம் எடுத்து, மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லையா, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. 'தொழில் வண்டி, வழக்கு நிற்காது' என்று மிரட்டுவார்கள். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு.

ஜெனரேட்டரில் வடித்த கழிவு ஆயிலைச் செங்கல் சூளைக்குக் கேட்கிறார்கள். நல்ல விலை. (காரைக்குடி வாசகர்)

கூடாது. எரித்தால் அதிலுள்ள உலோகங்கள் புகையில் வரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவருக்கே கொடுங்கள்.

வளவுத் (வீட்டு உள்முற்றத்து) தூண்களில் கரையான். கழிவு ஆயில் பூசச் சொல்கிறார் ஆசாரி. (கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்)

வேண்டவே வேண்டாம் ஆச்சி. தேக்கு கறுத்துவிடும், வாடையும் போகாது. பர்மா தேக்கு என்று நான் வாங்கிய அலமாரி, மழை பிடித்ததும் ஒர்க்‌ஷாப் மாதிரி நாறியது. வேம்புக்குக் கழிவு ஆயில் பூசிக் கிழடாக்கியிருந்தார்கள். முதலில் கரையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டுத் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவருக்குள் மறையும் மர முனைகளுக்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் போதும். கையில் பட்டால் புண்ணாக்கும், ஆசாரியைக் கையுறை போடச் சொல்லுங்கள்.