சிரிப்பொலி எங்கே விழுகிறது? பழைய குடும்பத் தொடர்கள்: கேள்வி பதில்

சிறுவயதில் பார்த்த அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களை இப்போது திரும்பப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. என் தொழில் ஒலித்தொகுப்பு. அதனால் எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றிச் சிரிப்பொலியிடமே வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து வயதில் 'ஃபுல் ஹவுஸ்' என்றால் எனக்குச் சோறுகூட வேண்டாம். போன வாரம் ஒரே மூச்சில் ஆறு அத்தியாயங்கள் பார்த்தேன். ஆறிலும் அதே அணைப்பு, அதே மெல்லிசை. இதற்கா அப்படி அடம்பிடித்தேன்? கெட்டது தொடரா, என் ரசனையா?

பதில்: கெட்டது நீங்கள் பார்த்த வேகம். 1987 முதல் 1995 வரை அது வாரம் ஒன்றாக வந்தது. விளம்பரங்களைக் கழித்தால் ஓர் அத்தியாயத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடங்கள். அதற்குள் குழந்தை ஒரு தப்பு செய்ய வேண்டும், மறைக்க வேண்டும், அகப்பட்டுக்கொள்ள வேண்டும், அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். பத்து வயதில் நீங்கள் காத்திருந்தது நகைச்சுவைக்காக அல்ல, அந்தக் கட்டில் ஓரத்துக்காக என்று நினைக்கிறேன். அங்கே அடி விழாது, வீடு உடையாது என்பது முன்பே தெரியும். தாயை இழந்த மூன்று சிறுமிகளின் கதை அது என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த அணைப்பு வாராவாரம் தேவைப்பட்டதற்குக் காரணமும் அதுதான்.

வாரம் ஒன்று பாருங்கள். அப்போதும் தாங்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

கேள்வி: அந்தச் சிரிப்பொலி உண்மையானதா, இயந்திரமா? ஒரு முறை காதில் விழுந்துவிட்டால் வேறெதையும் கேட்க முடியவில்லை.

பதில்: இரண்டும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரை மூன்று ஃபிலிம் கேமராக்களை வைத்து, பார்வையாளர்களை எதிரில் உட்கார வைத்தே எடுத்தார்கள். மறுபக்கம், சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் 1950களில் ஒரு பெட்டி செய்தார். தட்டச்சுப்பொறியைப் போல விசைகள். ஒன்றை அழுத்தினால் அடக்கிய சிரிப்பு, இன்னொன்றை அழுத்தினால் வெடிச்சிரிப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்டாமல் பூட்டியே வைத்திருந்தார். 'த பிராடி பன்ச்' போன்ற தொடர்களில் எதிரில் ஒரு பார்வையாளர்கூடக் கிடையாது. கேட்பதெல்லாம் சேர்த்த சிரிப்பு. பார்வையாளர் முன் எடுத்த தொடர்களிலும், சிரிப்பு சோர்ந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றுவதும் அளவு மீறிய இடத்தில் நறுக்குவதும் வழக்கம். ஸ்வீட்டனிங் என்று அதற்குப் பெயர்.

இதில் எனக்குப் பிடித்த கதை, கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மேஷ்' தொடருடையது. தொலைக்காட்சி நிறுவனம் சிரிப்பொலி கட்டாயம் வேண்டும் என்றது, எடுத்தவர்களுக்கோ மனமில்லை. கடைசியில் அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கூடாது என்று உடன்பாடானது. பிரிட்டனில் பிபிசி அதே தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. ஒரே படம், ஒரே வசனம். ஆனால் இரண்டு நாடுகள் பார்த்தது இரண்டு தொடர்கள்.

பெரியவராகிப் பார்க்கும்போது உங்களிடம் இருக்கும் நல்ல கருவி இதுதான். யார் பேசியதும் சிரிப்பு விழுகிறது, யார் வாய் திறக்கும்போது அது அவரை அமுக்கிவிடுகிறது என்று கவனியுங்கள். எது வேடிக்கை என்று தொடரை எடுத்தவர்கள் நம்பினார்கள் என்பது அங்கே பச்சையாகத் தெரியும்.

கேள்வி: மகளோடு 'ஃபேமிலி மேட்டர்ஸ்' பார்த்தேன். பக்கத்து வீட்டு அர்கல், லாராவின் பின்னாலேயே சுற்றுகிறான். "அந்த அக்கா வேண்டாம் என்று சொல்கிறாளே, ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள்?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் சின்ன வயதில் நான் அவனைப்போலப் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கியவன்.

பதில்: உங்கள் மகளை என் அறையில் உட்கார வைக்க வேண்டும், எனக்கு இது தெரிய முப்பது வயதாயிற்று.

அர்கல் ஒரே ஓர் அத்தியாயத்துக்கு வந்துபோக வேண்டிய விருந்தாளி. 1989இல் தொடர் ஆரம்பித்தபோது அவன் இல்லை. முதல் ஆண்டின் நடுவில் நுழைந்தான். பார்வையாளர்கள் விடவில்லை, தொடரே அவனுடையதாயிற்று. நடித்த ஜலீல் வைட்டின் திறமையை இன்றும் குறை சொல்ல முடியாது. அந்த நடை, அந்தக் குரல், விழுந்து எழும் விதம் எல்லாம் நேர்த்தி. சிக்கல் எழுத்தில் இருக்கிறது. லாரா "முடியாது" என்று சொல்வது அங்கே பதில் அல்ல. அவனுடைய அடுத்த வேடிக்கைக்குப் போடும் படிக்கட்டு. அவள் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்து அந்தச் சொல்லை மூடிவிடும். ஒன்பது ஆண்டுகள் இப்படிப் போய், கடைசியில் அவள் அவனையே திருமணம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறாள். ஆக அத்தனை மறுப்புகளும் 'இன்னும் இல்லை' என்று திருத்தி எழுதப்பட்டுவிட்டன. எனக்கு உறுத்துவது அந்த முடிவுதான்.

மகளுக்குப் பதில் தேடி அலைய வேண்டாம். அதே காட்சியை ஒலியை அணைத்துவிட்டு, லாராவின் முகத்தை மட்டும் பார்த்து இன்னொரு முறை போடுங்கள். அவளே சொல்லிவிடுவாள்.

கேள்வி: அதே வீட்டில் ஒரு கடைசிப் பெண் இருந்தாளே? என் தம்பி அப்படி யாரும் இல்லை என்று சத்தியம் செய்கிறான்.

பதில்: இருந்தாள். பெயர் ஜூடி. 1993க்குப் பிறகு காணவில்லை. ஊருக்குப் போனாள், படிக்கப் போனாள் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு இரண்டே பிள்ளைகள் என்பதுபோலக் கதை நகர்ந்தது. அவளுக்கு முன் 'ஹேப்பி டேஸ்' தொடரின் மூத்த மகன் சக்கும் இப்படித்தான் காணாமல் போனான். தம்பியிடம் பந்தயம் கட்டுங்கள்.

கேள்வி: 'த பிராடி பன்ச்' அம்மா விதவையா, விவாகரத்தானவரா?

பதில்: தொடர் சொல்லவே இல்லை. அப்பாவின் முதல் மனைவி இறந்துவிட்டார் என்பது தெளிவு. அம்மாவின் முதல் கணவரைப் பற்றிப் பேச்சே கிடையாது. தொடரை உருவாக்கிய ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் அம்மாவை விவாகரத்தானவராகவே நினைத்திருந்தார். 1969இல் தொலைக்காட்சி நிறுவனம் அதற்குத் தயங்கியது. அந்த வீட்டுக் குளியலறையில் கழிப்பறைப் பீங்கானையும் காட்டவில்லை என்பது கொசுறு.

கேள்வி: என் அப்பாவுக்கு 'ஆல் இன் த ஃபேமிலி' உயிர். ஆர்ச்சி பங்கர் எல்லா இனத்தவரையும் வாய்க்கு வந்தபடி ஏசும்போது விழுந்து விழுந்து சிரிப்பார். ஆர்ச்சியைக் கேலி செய்யத்தான் தொடரே எடுத்தார்கள் என்பது இப்போது புரிகிறது. அப்பா எதைப் பார்த்துச் சிரித்தார் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பதில்: 1971இல் தொடர் வந்தபோதே எழுந்த சந்தேகம் இது. தொடரை உருவாக்கிய நார்மன் லியரின் எண்ணம், ஆர்ச்சியின் குறுகிய மனதைச் சிரிப்பில் தோலுரிப்பது. 1974இல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்வையாளர்களைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்முடிவுகள் மிகுந்தவர்கள் தொடரை வெறுக்கவில்லை. ஆர்ச்சியையே மெச்சினார்கள், வாதத்தில் வெல்வது அவன்தான் என்றார்கள். மற்றவர்கள் அதே காட்சியில் அவன் மூக்குடைபடுவதைப் பார்த்தார்கள்.

என் தொழில் என்னை ஏமாற்றும் இடமும் இதுதான். சிரிப்பு எங்கே விழுகிறது என்று என்னால் நொடி சுத்தமாகச் சொல்ல முடியும். ஏன் விழுந்தது என்பது ஒலிநாடாவில் பதிவாவதில்லை. உங்கள் அப்பா இருக்கிறார் என்றால் கேட்டுவிடுங்கள். குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டாம். ஒரு காட்சியைப் போட்டு, "இதில் யார் அப்பா ஜெயித்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரின் சைக்கிள் கடைக்காரர் அத்தியாயம் இன்றும் கனவில் வருகிறது. மிகைப்படுத்துகிறேனா?

பதில்: இல்லை. 1983இல் இரண்டு பகுதிகளாக வந்தது; கடைக்காரர் இரண்டு சிறுவர்களை நைச்சியமாகத் தன் வலைக்குள் இழுக்கும் கதை. அந்தக் காலத்தில் வேறு எந்தக் குடும்பத் தொடரும் எளிதில் தொடாத பொருள், அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் வழக்கமான சிரிப்பொலி அதன் மேலேயும் ஓடுகிறது. குழந்தையாக நீங்கள் ஆபத்தை மோப்பம் பிடித்துவிட்டீர்கள். அறையிலிருந்த கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. கனவில் வருவது அந்த முரண்தான் என்பது என் ஊகம்.

கேள்வி: 'த காஸ்பி ஷோ'வைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பதில்: நான் காட்டமாட்டேன். தொடரின் நாயகன் பில் காஸ்பி மீது பாலியல் குற்றம் சாட்டிய பெண்கள் 50க்கும் மேல். அவர் எல்லாவற்றையும் மறுக்கிறார். 2018இல் ஒரு வழக்கில் தண்டனை வந்தது, 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் நடைமுறைக் காரணத்தால் அதை ரத்து செய்தது. கறுப்பினத்து மருத்துவரும் வழக்கறிஞரும் நடத்தும் குடும்பத்தை 1984இல் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது சிறிய காரியமல்ல. உடன் நடித்தவர்களின் உழைப்பும் சேர்ந்து புதைவது அநியாயம்தான். ஆனாலும் அவர் மகளிர் மருத்துவராக வந்து கேலி பேசும் காட்சிகளில் என் கை தானாகவே நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது.

கேள்வி: இப்போது பார்த்தாலும் கூச்சப்படாமல் பார்க்கக்கூடியது ஒன்றாவது உண்டா?

பதில்: 'த ஒண்டர் இயர்ஸ்', 1988 முதல் 1993 வரை வந்தது. சிரிப்பொலி அறவே கிடையாது. வளர்ந்த மனிதன் ஒருவன் தன் பன்னிரண்டு வயதை நினைத்துப் பேசுகிறான். நீங்கள் எல்லோரும் இங்கே செய்துகொண்டிருப்பதை அவன் தொடருக்குள்ளேயே செய்கிறான். காலத்துப் பாடல்கள் ஏராளம் என்பதால் உரிமைச் சிக்கலில் மாட்டி, முழுத் தொடரும் டிவிடியாக வர 2014 ஆயிற்று. அந்த அப்பா வேலையிலிருந்து வந்ததும் யாரோடும் பேசாமல் உட்காருவார். சிறுவயதில் எனக்கு அவரைப் பிடிக்காது. இப்போது ஒலியை ஏற்றி வைத்து, அவர் நாற்காலியில் சாயும்போது விடும் மூச்சைக் கேட்கிறேன்.