குடியம் மலைக்கு எப்படிப் போவது, டீச்சர்?

வாசகர் கேள்விகளுக்கு, தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் தருகிறார்.

டீச்சர், நான் கடலைப் பார்த்தே வளர்ந்தவள். என் பிள்ளைகள் இருவரும் மலை என்றாலே படிக்கட்டும் கோயிலும் கடைவீதியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டமில்லாத, காடு சூழ்ந்த ஒரு மலையை அவர்களுக்குக் காட்ட ஆசை. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். எங்கே போகலாம்?
– வாசகி, காசிமேடு

குடியம் குகைக்குப் போங்கள் அம்மா. பூண்டி ஏரிக்கு அப்பால், அல்லிக்குழி மலையின் காட்டுக்குள் இருக்கிறது. வியாசர்பாடி ஜீவாவிலோ பேசின் பிரிட்ஜிலோ முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் திருவள்ளூரில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பூண்டிக்கு பஸ் உண்டு. பூண்டியிலிருந்து குடியம் கிராமத்துக்கு பஸ்ஸை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசுங்கள். இது காப்புக்காடு. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கிராமத்தில் வழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

கிராமத்தை விட்டதும் முதலில் வருவது முட்காடு. காரையும் சூரையும் களாவும் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போடுங்கள். காலடியில் மண்ணைவிடக் கூழாங்கல்தான் அதிகம், சறுக்கும். நிழல் குறைவு, வழியில் தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். சின்னவன் பாதி வழியிலேயே "இதுதானா மலை?" என்று முகத்தைச் சுளிப்பான். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாதை சரிந்து பள்ளத்துக்குள் இறங்கும் இடத்தில் எல்லாம் மாறுகிறது. காற்று சட்டென்று குளிர்ந்துவிடும். மரங்கள் தலைக்கு மேல் கூடி நிற்கும். பாறையைக் கட்டிப்பிடித்தபடி வேர்கள் ஆள் உயரத்துக்கும் மேலிருந்து இறங்கியிருக்கும். எங்கோ செம்போத்து 'ஊம் ஊம்' என்று அடித்தொண்டையில் கூப்பிடும். மழை முடிந்து போனால், மார்கழியில் கல்லுக்கடியில் தண்ணீர் கசிந்து ஓடும் சத்தமும் கேட்கும். அந்தப் பசுமைக்கு நடுவில் குகை வாய் திறந்திருக்கிறது. குகை என்றால் இருட்டுச் சுரங்கம் என்று எண்ண வேண்டாம். மலை முன்பக்கம் நீண்டு கூரைபோல் கவிந்திருக்கும் பெரிய பாறைக்கூடம் அது. உள்ளே சின்னதாக ஓர் அம்மன் சன்னதி இருக்கிறது. ஊர்க்காரர்கள் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். நீங்களும் செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

போனதும் பிள்ளைகளைச் சுவரருகே அழைத்துப்போய் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். கடலை உருண்டையில் வெல்லப்பாகு கடலையைப் பிடித்திருப்பதுபோல, செம்மண் நிறப் பாறை ஆயிரக்கணக்கான உருண்டைக் கற்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில கோலிக்குண்டு அளவு, சில தேங்காய் அளவு. ஒவ்வொன்றும் வழவழவென்று இருக்கும். தண்ணீர் உருட்டி உருட்டித்தான் ஒரு கல்லுக்கு அந்த வழவழப்பு வரும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆறுகள் அடித்துவந்து குவித்த கற்கள், மணலோடு இறுகிப் பாறையாகிவிட்டன. என் மாணவிகளுக்குக் கரும்பலகையில் ஒரு மாதம் சொல்லியும் ஏறாத பாடம், அந்தச் சுவரில் கையை வைத்ததும் ஏறியது.

டீச்சர், நண்பர்கள் பத்துப் பேர் போகிறோம். குகையிலேயே சமைத்துச் சாப்பிட்டு இரவு தங்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

கூடாது தம்பி. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். குகையின் கூரையை அண்ணாந்து பார்த்தால் மலைத்தேனீக்களின் அடைகள் கறுப்பாகத் தொங்குவது தெரியும். புகைக்கும் கூச்சலுக்கும் அவை கலைந்துவிட்டால், பள்ளத்திலிருந்து ஓடித் தப்ப வழி கிடையாது. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், இலையையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவாருங்கள், மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.

நீங்கள் எப்போதும் குடியம், பூண்டி என்றே எழுதுகிறீர்கள். எண்ணூரில் இருக்கும் எங்களுக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, எண்ணூர்

ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி மதகைத் திறந்தால் உங்கள் தெருவில்தானே அம்மா எச்சரிக்கை வருகிறது! குடியத்து ஓடைகள் சேருவது கொசஸ்தலை ஆற்றுப் படுகையில். அந்த ஆற்றை மறித்து 1944-ல் கட்டி முடித்ததுதான் பூண்டி நீர்த்தேக்கம். அதைத் தாண்டி வரும் ஆறு, வல்லூர் வழியாக உங்கள் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது. சாம்பலும் எண்ணெயும் கலந்த கழிமுகத்தைத்தான் நம் பிள்ளைகளுக்கு ஆறு என்று காட்டியிருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் வீடுகளுக்குள் ஏறியபோது, 'இது ஆறா, சாக்கடையா?' என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதே ஆற்றங்கரையில்தான், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு நிலவியலாளரான வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வு, அங்கே கிடைத்த பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் கணித்தது. 1962 முதல் 1964 வரை மத்தியத் தொல்லியல் துறை குடியம் குகையில் தோண்டியபோதும் கற்கருவிகள் கிடைத்தன. மனித எலும்பு கிடைக்கவில்லை. கருவி செய்யக் கல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். மலையிலிருந்து உதிர்ந்த கூழாங்கல்லும் ஆறும் ஒரே இடத்தில் கிடைத்ததால் கற்கால மனிதர்கள் மீண்டும் மீண்டும் இங்கே வந்திருக்கிறார்கள். உங்கள் ஆற்றின் கதை அவ்வளவு பழையது அம்மா. ஒரு முறை போய் அந்தத் தண்ணீரைத் தெளிவாக ஓடும் இடத்தில் பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். அங்கே கற்கால ஆயுதம் கண்ணில் பட்டால் எடுத்து வரலாமா?
– மாணவர், ராயபுரம்

எடுக்காதே தம்பி. நான் எடுத்தேன், அதனால் சொல்கிறேன். 1987-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போனபோது மாங்கொட்டை வடிவில் ஒரு கல் கிடைத்தது. இரண்டு பக்கமும் செதுக்கிய தழும்புகள். அடிப்பக்கம் கூழாங்கல்லின் பழைய வழவழப்பு அப்படியே இருந்தது. அந்த வழவழப்பு உள்ளங்கையிலும், பெருவிரல் ஒரு செதுக்குப் பள்ளத்திலும் போய் உட்கார்ந்தன. கீழே வைக்க மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், விடைத்தாள்கள் பறக்காமல் இருக்கப் பல ஆண்டுகள் அதைத்தான் மேலே வைத்தேன்.

பிறகு தொல்லியல் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். கல்லைக் கண்டதும் கண் விரிய, எங்கே கிடைத்தது என்று கேட்டார். குடியம் என்றேன். குடியத்தில் எங்கே? ஓடையிலா, சரிவிலா? மண்ணுக்கு மேலா, மண் அரிப்பில் பாதி தெரிந்ததா? பக்கத்தில் செதுக்கியபோது தெறித்த சில்லுகள் கிடந்தனவா? ஒன்றுக்கும் என்னிடம் பதிலில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கல்லை மெல்ல மேசையில் வைத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது செய்யப்பட்ட இடத்தில் வேறு யார் இருந்தார்கள், எந்தக் காலம் என்று சொல்லக்கூடிய சாட்சியை நான் அங்கிருந்து பிடுங்கி வந்திருக்கிறேன். மறுநாளே அதை அவரிடம் கொடுத்தனுப்பினேன். கிடைத்த இடத்தை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை.

நீ கண்டால் கைவைக்காமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடு. பிறகு நாலடி தள்ளி நின்று, மரமும் பாறையும் தெரிகிற மாதிரி இன்னொரு படம். போனில் அந்த இடத்தைக் குறித்துக்கொள். திரும்பும் வழியில் பூண்டி அகழ்வைப்பகத்தில், அதாவது தொல்பொருள் அருங்காட்சியகத்தில், காட்டிவிட்டு வா. அங்கே கண்ணாடிக்குள் இதே கற்கள் வரிசையாக இருக்கின்றன, பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.