பெயர் வைக்காத மழை

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். நாங்குநேரிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானிலை, புயல், முன்னறிவிப்பு பற்றி நான்கு வாரம் நடத்தலாம் என்று திட்டம். போன வருடம் அமெரிக்காவில் ஹரிக்கேன் அடிக்கும் வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். ஆவென்று பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், 2023-ல நம்ம பக்கம் வெள்ளம் வந்துச்சே, அது என்ன புயல்? அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு பிள்ளை, "டிவியில சொல்லுத மழை வரவே மாட்டேங்குது, பெறகு எதுக்கு அதப் படிக்கணும்?" என்றாள். இந்த இரண்டுக்கும் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? பள்ளியில் கருவி என்று எதுவும் கிடையாது. என் பெயரைப் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனைக் கையோடு பாராட்டிவிடுங்கள். நான்கு வாரப் பாடத்தையும் அவன் கேள்வியிலேயே தொடங்கலாம்.

அவனுக்கான பதில்: அது புயலே கிடையாது, அதனால் அதற்குப் பெயரும் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பக்கம் இருந்தது வெறும் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி; அதாவது வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் காற்று வட்டமாகச் சுழல்வது. வானிலைச் செய்தியில் அடிக்கடி காதில் விழுந்து, நாம் கவனிக்காமலே விட்டுவிடும் சொல். அதுதான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழையைக் கொட்டியது. திருச்செந்தூரில் ஏறக்குறைய 69 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சில நூறு பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது உங்கள் பிள்ளைகளுக்கும் நினைவிருக்கும்.

95 செ.மீ. என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் மொட்டைமாடி என்றால் 95,000 லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் எட்டு வந்து ஒரு வீட்டு மாடியில் கொட்டியது மாதிரி. எண்ணைக் கேட்டு அசையாத பிள்ளையும் லாரியைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து கரும்பலகையில் ஓர் ஏணி வரையுங்கள். கீழே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்று மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால் புயல். அந்தப் படியில்தான் பெயர் வைக்கிறார்கள். 118-ஐத் தொட்டால் அதிதீவிரப் புயல். அமெரிக்காவில் ஹரிக்கேன் என்று கூப்பிடத் தொடங்குவது ஏறக்குறைய அந்தப் படியில். சீனா, ஜப்பான் பக்கம் அதையே டைஃபூன் என்பார்கள். மூன்றும் ஒரே பிராணிதான். இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த ஏணியில் மழை எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. ஒவ்வொரு படியும் காற்றின் வேகத்துக்கு வைத்த படி. 2023-இல் நம்மை மூழ்கடித்தது இந்த ஏணியின் கடைசிப் படிக்கும் கீழே கிடந்தது.

நான்கு வாரத்தில் பிள்ளைகள் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும் என்பேன். எனக்கு இதில் சொந்த வலி ஒன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவைகுண்டம் பக்கம் இருக்கும் என் அக்கா போன் செய்து, "ஏல, மழை பலமா இருக்கும்னு சொல்லுதாவளே, அங்க வந்துரட்டா?" என்று கேட்டாள். நான் செய்தியைப் பார்த்துவிட்டு, "புயல் ஒண்ணும் இல்லக்கா, சுழற்சிதான், பயப்படாத" என்று சொன்னேன். அன்று ராத்திரி அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் மாடியில் கரண்டும் போனும் இல்லாமல் இருந்தாள். பெயர் இருந்திருந்தால் நானே வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்திருப்பேன். ஏணி காற்றுக்கானது என்பதை ஏழாம் வகுப்பில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பதிலை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஹரிக்கேன் வீடியோவைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலும் இதே கதை இருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி டெக்சாஸ் கரையில் ஏறியபோது ஐந்து படி அளவுகோலில் நான்காவது படி. உள்ளே போனதும் வேகம் குறைந்து ஹரிக்கேன் என்ற பட்டத்தையே இழந்தது. ஆனால் நகராமல் அந்த வட்டாரத்தையே சுற்றிக்கொண்டு கிடந்தது. ஹூஸ்டன் நகரம் மூழ்கியது அப்போதுதான். ஓரிடத்தில் சில நாட்களில் 150 செ.மீ.க்கு மேல் மழை. வீடியோவில் மரம் சாயும் காட்சியோடு நிறுத்தாமல், காற்று ஓய்ந்த பிறகு தெருவில் படகு போகும் காட்சியையும் காட்டுங்கள். காயல்பட்டினமும் ஹூஸ்டனும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள் என்று பிள்ளைகளுக்கே பிடிபடும்.

நமக்கு ஏன் புயல் அதிகம் வருவதில்லை என்றும் கேட்பார்கள். கிழக்கே இலங்கை குறுக்கே நிற்கிறது. வங்கக்கடல் புயல்கள் பெரும்பாலும் மேற்கு, வடமேற்காக நகர்வதால் வடக்கே போய்விடுகின்றன. இன்னொரு காரணம், நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி ஒரு திருப்பு விசை கொடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டில் அது பூச்சியம். ஐந்து பாகைக்குள் புயல் உருவாவதே அபூர்வம். நாம் எட்டரைப் பாகையில் இருக்கிறோம். அதற்காக வரவே வராது என்று சொல்லிவிடாதீர்கள். 1992 நவம்பரில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு புயல் கரையேறி, மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. கொட்டியது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. தாமிரபரணியில் குறுக்குத்துறை முருகன் கோயில் கண்ணிலேயே தெரியவில்லை. அப்போது நம் கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் வரவில்லை. அது 2004-இல்தான் தொடங்கியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி, கன்னியாகுமரிக்குத் தெற்கே சில மணி நேரத்தில் புயலாக மாறியது. மீனவர்கள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அந்த வகுப்பில் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் இருந்தால் இதைப் பார்த்துப் பேசுங்கள், டீச்சர். சில வீடுகளில் அது இன்னும் ஆறவில்லை.

கருவி இல்லை என்கிறீர்கள். உங்கள் ஊரில் இருக்கும் கருவி சென்னைப் பள்ளிகளுக்குக்கூடக் கிடையாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் நிற்கும் காற்றாலைகளைத்தான் சொல்கிறேன். காற்றாலை எப்போதும் காற்று வரும் திசைக்குத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆனி, ஆடியில் மேற்கே பார்க்கும். மார்கழியில் வடகிழக்கே பார்க்கும். தினமும் பள்ளிக்கு வரும் வழியில் பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, வடக்கு வாடை, தெற்கு தென்றல். நோட்டில் அம்புக்குறியோடு இந்தப் பெயர்களையும் எழுதட்டும்.

பிறகு அவர்களை மைதானத்தில் நிறுத்துங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவான இடம் அந்தக் கைப் பக்கம், சற்றே முன்னால் இருக்கும். பாய்ஸ் பாலட் என்ற டச்சுக்காரர் 1857-இல் சொன்ன விதி. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி தவிர, நம் அரைக்கோளம் முழுக்கச் செல்லும். ஆடி மாத மேலக்காற்றுக்கு முதுகைக் காட்டினால் முகம் கிழக்கே, இடக்கை வடக்கே. அங்கே என்ன இருக்கிறது? ராஜஸ்தான், பாகிஸ்தான் பாலைவனங்களின் மேல் வெயிலில் உருவாகும் பெரிய தாழ்வழுத்தம். தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கும் கைகளில் அதுவும் ஒன்று. நாங்குநேரி மைதானத்தில் நிற்கும் பிள்ளையின் சுண்டுவிரல் ராஜஸ்தானைக் காட்டுகிறது என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! அதே காற்று மலைக்கு அந்தப் பக்கம் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிட்டு, குற்றாலத்தில் சாரலாகத் தூவி, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி வறண்டுபோகிறது. அதனால்தான் அருவியில் கூட்டம் குளிக்கும் நாளில் பாளையங்கோட்டையில் புழுதி பறக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் வீசும் நாளில் இதையே செய்யுங்கள். முகம் மேற்கே, இடக்கை தெற்கே. கை காட்டும் இடம் குமரிக்கடல். அங்கே ஒரு சுழற்சி இருந்தால் அது வங்கக்கடலின் ஈரத்தை நம் கரை மேலும் மலை மேலும் அள்ளி எறியும். பெயர் இருக்கிறதா, எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று பார்க்கும் முன்பே பிள்ளைகள் கைக்கு விஷயம் தெரிந்துவிடும். உள்ளூர்க் கடற்காற்று வீசும் மதியங்களில் மட்டும் இது தப்பும். அதனால் தாழ்வாக ஓடும் மேகத்தின் போக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

ஒரு வேண்டுகோள். பாட்டில் வாயில் பலூனைக் கட்டிக் காற்றழுத்தமானி செய்யும் சோதனையை விட்டுவிடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெயிலுக்கு விரியும். நம் ஊர் வெயிலில் அது வெப்பமானியாகத்தான் வேலை செய்யும்.

இனி அந்தப் பெண்பிள்ளையின் கேள்வி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி வந்தது. இலங்கையைக் கடந்து, பாம்பனுக்கும் குமரிக்கும் நடுவே வரும் என்றார்கள். தென்மாவட்டங்களுக்கு அரசு பொதுவிடுமுறை அறிவித்தது. அதுவோ மன்னார் வளைகுடாவில் நின்ற இடத்திலேயே நின்று வலுவிழந்தது. கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும்தான் மழை கொட்டியது. நம் பக்கம் எல்லோரும் அவள் சொன்னதைத்தான் சொன்னார்கள். பெயரோடு வந்தது ஏமாற்றியது, பெயரில்லாமல் வந்தது மூழ்கடித்தது. 2023-இல் நான் அக்காவுக்குச் சொன்ன பதிலில் புரெவிக்கும் பங்கு உண்டு.

அவளுக்கு வாயால் விளக்கம் சொல்ல வேண்டாம். ஒரு மாதம் அவளையே முன்னறிவிக்கச் சொல்லுங்கள். தினமும் பள்ளி விடும் நேரத்தில், நாளைக்கு மழை வருமா என்று ஒவ்வொருவரும் பத்துக்கு இத்தனை என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும். நிச்சயம் வரும் என்றால் பத்து, வராது என்றால் பூச்சியம். மாதக் கடைசியில், "பத்துக்கு ஏழு" என்று எழுதிய நாட்களை மட்டும் தனியே எடுத்து எண்ணுங்கள். அப்படிப்பட்ட பத்து நாளில் ஏழு நாள் மழை பெய்திருந்தால் அந்தப் பிள்ளை நல்ல கணிப்பாளர். மீதி மூன்று நாள் அவளுடைய தப்பு ஆகாது. ஏழு என்ற எண்ணுக்குள்ளேயே அந்த மூன்று நாளும் இருக்கிறது. இதை விளக்க நான் ஒரு பக்கம் எழுதினாலும் சீட்டைக் கையில் வைத்து எண்ணுவதற்கு ஈடாகாது. இன்னொரு போட்டியாளரையும் சேருங்கள்: "இன்று போலவே நாளையும்" என்று மட்டும் சொல்லும் ஒரு சோம்பேறி. அவனை ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஈசல், தட்டான், எறும்பு பார்த்துச் சொல்லும் தாத்தா பாட்டிகளின் கணிப்பையும் சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கேலி வேண்டாம், எண்ணிப் பார்ப்போம்.

மழைமானிக்கு இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில் போதும். மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்கும்; கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சமமாக்கி, அங்கே பூச்சியம் போட்டு, அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டுங்கள். மரத்தடி, கூரையோரம் வேண்டாம். வாசிப்பது தினமும் காலை 8:30-க்கு. வானிலைத் துறை அளப்பதும் அதே நேரம் என்பதால், பாளையங்கோட்டை நிலையத்தின் அளவோடு உங்கள் பள்ளி அளவை வைத்துப் பார்க்கலாம். முப்பது கிலோமீட்டருக்குள் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள். எந்த ஊரில் எவ்வளவு என்று சொல்வது முன்னறிவிப்பில் ஏன் இன்னும் கடினமான வேலையாக இருக்கிறது என்பது அந்த இரண்டு எண்களில் தெரியும்.

ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. பள்ளி பூட்டியிருக்கும் நாளில் யார் வீட்டில் இன்னொரு பாட்டில் இருக்கும், யார் அளப்பார்கள் என்று பெயர் எழுதி வகுப்பில் ஒட்டுங்கள். மேல்பகுதியை வெட்டிய பாட்டிலின் உயரம் 30 செ.மீ.கூட இருக்காது. அன்றைக்குப் பெய்த மாதிரி பெய்தால் மூன்று தடவைக்கு மேல் நிரம்பி வழியும். நிரம்பும் முன்பே அளந்து, நேரத்தோடு குறித்து, கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் பாட்டிலை விட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிட வேண்டும் என்பதையும்.