அம்மாவுக்கு வாக்-இன் பாத் வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. மூன்று வருடமாகப் பார்கின்சன் நோய், முழங்காலிலும் வலி. மாடியில் இருக்கும் பாத்துக்குள் காலைத் தூக்கி வைக்கப் பயப்படுகிறார். போன கிழமை ஒரு விற்பனையாளர் வீட்டுக்கு வந்து அளவெடுத்துப் போனார். கதவு வைத்த வாக்-இன் பாத் பூட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்து வைத்தால் பெரிய விலைக்கழிவாம். வாங்கலாமா? வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (ஹாரோ, லண்டனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து விற்பவரோடு செய்யும் ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்துச் செய்ய 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் உரிமை தருகின்றன. ஆனால் உங்கள் அளவுக்கென்றே தனியாகச் செய்யும் பொருளுக்கு அந்த உரிமை இல்லை. அளவெடுத்துப் போனவர் பிறகு, "இது உங்களுக்கென்றே செய்தது" என்று சொல்லிவிட்டால் கட்டிய முற்பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு வாக்-இன் பாத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தரைமட்ட ஷவர், அதாவது வெட் ரூம், அவருக்கு நெடுநாள் உதவும். முழங்கால் வலி மட்டும் என்றால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். பார்கின்சன் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே போகும் நோய். குளியலறையைப் பெயர்த்துக் கட்டுவதோ நினைத்தபோதெல்லாம் செய்கிற வேலை இல்லை. இன்று சுவரைப் பிடித்து நடக்கிற அம்மாவுக்கும், நாளைக்கு நடைச் சட்டகம் பிடிக்கப்போகிற அம்மாவுக்கும், ஒருவேளை சக்கர நாற்காலியில் வரக்கூடிய அம்மாவுக்கும் அதே அறை உதவ வேண்டும். வாக்-இன் பாத் இந்த மூன்றில் முதல் கட்டத்துக்கு மட்டும்தான் சரியாகப் பொருந்தும்.

சாதாரண பாத்தின் விளிம்பு தரையிலிருந்து 50 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கும். வாக்-இன் பாத்தில் கதவின் அடி விளிம்பு பெரும்பாலும் 8 முதல் 18 சென்ரிமீற்றர்தான். இது பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் விளிம்பைத் தாண்டுவது குளியலின் முதல் நிமிடம் மட்டும். மிச்சத்தையும் மனதில் ஓட்டிப் பாருங்கள். அம்மா கம்பியைப் பிடித்து இரண்டு கால்களையும் உள்ளே வைக்கிறார். ஒடுங்கிய இடத்தில் நின்றபடியே உடம்பைத் திருப்பி இருக்கையில் அமர வேண்டும். கதவு உள்பக்கம் திறப்பதென்றால் அது அவருடைய முழங்கால்களைத் தாண்டி வந்து மூட வேண்டும். கால்களை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, கதவை இழுத்து, பூட்டின் கைபிடியை இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் குழாயைத் திறக்கலாம். தண்ணீர் ஏறும்வரை உடுப்பில்லாமல் காத்திருக்க வேண்டும். குளித்து முடிந்ததும் எழுந்து வந்துவிட முடியாது, தொட்டி முழுக்க வடிய வேண்டும். சாதாரணக் கழிவுக் குழாயில் அது பல நிமிடங்கள் எடுக்கும். ஜனவரி மாதத்தில் நனைந்த உடம்போடு அந்த நிமிடங்கள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்கின்சன் உள்ளவர்களுக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கால் அப்படியே உறைந்துபோவதுண்டு. உங்கள் அம்மாவிடமும் கவனித்திருப்பீர்கள். அதைத் தூண்டுபவற்றில் முக்கியமானவை வாசல், ஒடுங்கிய இடம், திரும்புவது. வாக்-இன் பாத்தின் கதவடியில் மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன. இன்னொன்று இரத்த அழுத்தம். இந்த நோயிலும் இதற்குக் கொடுக்கும் மருந்துகளிலும் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கலாம். வெந்நீர் இரத்தக் குழாய்களை விரித்து அதை இன்னும் இறக்கும். தொட்டிக்குள் தலைசுற்று வந்தால், தண்ணீரின் அழுத்தத்தில் உள்பக்கக் கதவு திறக்காது. வெளியே நிற்கும் நீங்கள் அடைப்பைத் திறந்துவிட்டு, அம்மாவின் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர அந்த நேரத்தில் செய்யக்கூடியது குறைவு. வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் தண்ணீர் வடிந்ததும் ஆளை வெளியே எடுப்பது சுலபம். ஆனால் அதைத் திறக்கக் குளியலறையில் இடம் வேண்டும். லண்டன் வீடுகள் பலவற்றில் கதவைத் திறந்தால் கொமோட்டில் இடிக்கும்.

விற்பனையாளர் பேசாத இன்னொரு விஷயம் வெந்நீர். பல வாக்-இன் தொட்டிகள் 150 முதல் 250 லீற்றர் வரை கொள்ளும். உங்கள் வீட்டில் கொம்பி பொய்லர், அதாவது குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கித் தரும் பொய்லர், என்றால் இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். குளிக்கும் சூட்டுக்குக் குழாயைத் திருப்பி, 10 லீற்றர் வாளி நிறைய எத்தனை நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் எடுத்தால் 180 லீற்றர் தொட்டிக்கு 18 நிமிடம். உள்ளே இருப்பவரின் உடம்பு இடத்தை எடுப்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் குழாய்க்கு வரும் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பதால் பொய்லர் இன்னும் மெதுவாகவே கொடுக்கும். வெந்நீரைச் சேமித்து வைக்கும் சிலிண்டர் உள்ள வீடென்றால் 120 லீற்றர் சிலிண்டர் ஒரு குளியலுக்கு ஏறக்குறையச் சரி; அடுத்த ஆள் குளிக்கக் காத்திருக்க வேண்டும். பாரத்தையும் பாருங்கள். 180 லீற்றர் என்றால் 180 கிலோ. தொட்டியும் ஆளும் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கலாம். உங்கள் பாத் ரூம் மாடியில் இருக்கிறது. பழைய வீடென்றால் தரை மரப்பலகை. அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று தெரிந்த ஒருவர் கீழே உத்தரங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இவற்றோடு நம் ஆட்களின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் நான் முடிவு செய்வேன். நான் போய்ப் பார்த்த தமிழ் வீடுகளில் பெரியவர்கள் பலர் பாத்தில் படுத்துக் குளித்ததே இல்லை. பாத்துக்குள் ஒரு வாளியை வைத்து, கோப்பையால் அள்ளி வார்த்துத்தான் குளிக்கிறார்கள். சவர்க்காரம் கரைந்த தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு அருவருப்பு. உங்கள் அம்மாவிடம் ஒருமுறை கேளுங்கள்: "நிறைந்த தண்ணீருக்குள் இருந்து குளிக்க விருப்பமா?" இதைக் கேட்காமலே பல ஆயிரம் பவுண் செலவழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொட்டி பூட்டியாகிவிட்டது, அம்மா அதற்குள் இருக்கையில் அமர்ந்து கதவைத் திறந்துவைத்தபடி கோப்பையால் வார்க்கிறார், தரை முழுக்கத் தண்ணீர். எண்ணெய் வைத்து முழுகுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நல்லெண்ணெய் பட்ட தொட்டி வழுக்கும். பிசுக்கும் முடியும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பில் சேர்ந்தால் கதவு சரியாகப் படியாமல் கசியத் தொடங்கும்.

தரைமட்ட ஷவரில் தாண்ட விளிம்பே இல்லை. தரை மெல்லிய சரிவாக வடிகாலை நோக்கி இறங்கும். சுவரில் பூட்டிய மடக்கு இருக்கையில் அமரலாம். பிறகு தேவைப்பட்டால் சில்லு வைத்த ஷவர் கதிரையை அப்படியே உள்ளே தள்ளலாம். வாளியும் கோப்பையும் பக்கத்தில் இருக்கும். நீங்களோ உதவிக்கு வருகிறவரோ அருகில் நின்று தலைக்கு வார்க்கலாம், முதுகு தேய்க்கலாம், அதற்கு இடமிருக்கும். மாடியில் மரத்தளத்திலும் இதைச் செய்யலாம். நீர் இறங்காமல் அடியில் தடுப்பு ஒழுங்காகப் பூசியிருக்க வேண்டும். அது அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. கைப்பிடிக் கம்பிகள் சுவரின் நிறத்திலிருந்து வேறுபட்டிருக்கட்டும். வெள்ளை ஓட்டில் வெள்ளைக் கம்பி வயதானவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தண்ணீரின் சூடு அளவைத் தாண்டாமல் காக்கும் தெர்மோஸ்டாட் வால்வு கட்டாயம் வையுங்கள். பராமரிப்பு இல்லங்களில் ஷவருக்கு 41 பாகை, தொட்டிக்கு 44 பாகை செல்சியஸ் என்பது உச்ச அளவு. சிலிண்டரில் கிருமி வளராமல் இருக்கத் தண்ணீரை 60 பாகையில் வைக்கிறார்கள். அந்தச் சூடு சில வினாடிகளில் தோலைப் பொசுக்கும். அம்மாவுக்கு நீரிழிவும் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

அப்படியென்றால் வாக்-இன் பாத் யாருக்குத்தான் நல்லது? மூட்டுவாதம் உள்ளவர், வெந்நீரில் ஊறினால் விறைப்பு இளகுகிறது என்று உணர்பவர், கையூன்றாமல் கதிரையிலிருந்து எழக்கூடியவர், தலைசுற்று இல்லாதவர், நிலைமை வேகமாக மாறாதவர். அவர்களுக்கு அது உண்மையான ஆறுதல். அப்படிப்பட்ட ஒருவருக்காக வாங்கும்போது உடுப்போடு கடைக் காட்சியறைக்குக் கூட்டிப்போய் ஏறி, உட்கார்ந்து, கதவை மூடி, திறந்து இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் கை கொடுக்காதீர்கள். இருக்கையின் உயரம் அவர் முழங்காலின் பின்மடிப்பு உயரத்துக்கு வர வேண்டும், பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும். பூட்டைத் திருக விரல் பலம் போதுமா என்று பாருங்கள். வேகமாக வடிக்கும் அமைப்பு உண்டா, அது உங்கள் வீட்டுக் குழாயோடு சேருமா, கதவு ரப்பருக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீரைப் பீய்ச்சும் ஜெட் அமைப்புக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தக் குழாய்களைச் சுத்தமாக வைத்திருப்பதே தனி வேலை. மறதி நோய் தொடங்கியவருக்கு இந்தத் தொட்டி வேண்டவே வேண்டாம். தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவில் நிற்காது.

காசு விஷயம். இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி மானியம், டி.எஃப்.ஜி. என்பது, 30,000 பவுண் வரை கிடைக்கும். வருமானம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆனால் பார்ப்பது உங்கள் அம்மாவின் வருமானத்தை, அவருக்குத் துணைவர் இருந்தால் அவருடையதையும். மகளின் சம்பளம் கணக்கில் வராது, நீங்கள் ஒரே வீட்டில் இருந்தாலும். நம் குடும்பங்களில் பலர், "நான் வேலை செய்கிறேன், எனக்குத் தரமாட்டார்கள்" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மிகவும் வருத்தமாக இருக்கிறது. முழு விண்ணப்பம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் உங்கள் உள்ளூராட்சிக் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கினால் மானியம் கிடைக்காமல் போகலாம், இதை மறக்காதீர்கள். வீட்டுச் சொந்தக்காரர் வாங்கும் மானியம் 5,000 பவுணைத் தாண்டினால், பத்து வருடத்துக்குள் வீட்டை விற்கும்போது 10,000 பவுண் வரை கவுன்சில் திரும்பக் கேட்கலாம்.

கைக்காசில் செய்வதென்றாலும் 20 சதவீத வாட் வரியை அப்படியே கட்டாதீர்கள். 60 வயது தாண்டியவரின் வீட்டில் பூட்டும் கைப்பிடிக் கம்பி, இருக்கை பொருத்திய ஷவர், கதவு வைத்த குளியல் தொட்டி முதலியவற்றுக்கு 5 சதவீதம்தான். நீண்டகால நோயாளிக்கென வடிவமைத்த பொருட்கள் சிலவற்றுக்கு வரியே இல்லை. பார்கின்சன் அந்த வகையில் வரும். விற்பவரிடம் ஒரு உறுதிமொழிப் படிவம் கேட்டு, வேலை தொடங்குமுன் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் கவுன்சிலின் முதியோர் சமூகப் பராமரிப்புப் பிரிவை அழைத்து, "அம்மாவுக்குப் பார்கின்சன், தனியாகக் குளிக்க முடியவில்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்து பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். குளிப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்த்துச் சொல்பவர் அவர். அந்த மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை, வருமானமும் பார்ப்பதில்லை. "சமாளிக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் உங்கள் பெயர் வரிசையின் அடிக்குப் போய்விடும். விழுந்திருந்தால், விழப்போய்த் தப்பியிருந்தால், திகதியோடு சொல்லுங்கள். வருபவரிடம் அம்மா தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். குளியல் பற்றி மகள் முன்னால் சொல்லக் கூச்சப்படும் அம்மாக்கள் உண்டு.

வெட் ரூம் வரும்வரை இப்போதிருக்கும் பாத்தின் மேல் குறுக்காக வைக்கும் பலகையோ, பாத்துக்கு வெளியேயும் கால் ஊன்றி நிற்கும் நீள இருக்கையோ உதவலாம். அம்மா வெளியே உட்கார்ந்து, நகர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கலாம். இப்படியான உபகரணங்களும் 1,000 பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களும் தேவை உறுதியானால் இங்கிலாந்தில் இலவசம். ஆனால் அம்மாவின் முதுகுத் தண்டு எவ்வளவு நிமிர்ந்து நிற்கும் என்று பார்த்துத்தான் எது பொருந்தும் என்று சொல்ல முடியும், ஆகவே இணையத்தில் பார்த்து நீங்களாக வாங்க வேண்டாம். குளியல் நேரத்தை மட்டும் நாளைக்கே மாற்றலாம். காலையில் எழுந்தவுடன் குளிக்க வைக்காமல், மாத்திரை போட்டு அது வேலை செய்யத் தொடங்கி, அம்மாவின் நடை இலகுவாகும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் அந்த நேரத்தைக் குறித்துவைத்து, வருகிற தெரபிஸ்டிடமும் பார்கின்சன் நேர்ஸிடமும் காட்டுங்கள்.