வேலையை விட்டுவிட்டு மலையேறி எழுதலாமா?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிராக்கவரைப் போல மலையேறி, அந்த அனுபவங்களை எழுதியே பிழைக்க ஆசை. வேலையை விட்டுவிடலாமா? அம்மாவுக்குச் சம்மதமில்லை.
- வாசகர், கோத்தகிரி

பதில்: இப்போதைக்கு விட வேண்டாம். கிராக்கவரே தச்சு வேலையும் மீன்பிடி வேலையும் பார்த்துக்கொண்டுதான் பல ஆண்டுகள் மலையேறினார். 1983-இல்தான் முழுநேர எழுத்தாளரானார். அதன் பிறகும் மலைக்குத் தொடர்பே இல்லாத கட்டுரைகளை எழுதித்தான் குடும்பம் நடத்தினார்.

மலையேறத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. கண்ணால் கண்டதையும் விசாரித்துச் சரிபார்க்கும் பொறுமையுள்ளவர்கள் மிகச் சிலரே. 1996 மே மாதம் எவரெஸ்டில் வீசிய புயலில் 8 பேர் இறந்தபோது, பத்திரிகைக்காக உடன் சென்றிருந்த கிராக்கவர், இறந்தவர்களில் ஒருவரான வழிகாட்டி ஆண்டி ஹாரிஸைக் கூடாரங்களுக்கு அருகில் பார்த்ததாக உறுதியாக நம்பி, அப்படியே சொல்லியும் வந்தார். உயிர்பிழைத்தவர்களிடம் பின்னர் பேசியபோதுதான், பனிப்புயலில் தாம் கண்டது வேறொருவரை என்பது அவருக்குத் தெரிந்தது. பிராணவாயு குறைந்த உயரத்தில் களைத்த மூளை அவ்வாறு ஏமாற்றிவிடும். இறந்தவரின் வீட்டார் நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் படிப்பார்கள் என்பதால், அந்தத் தவற்றை அவர் தம் நூலிலேயே விளக்கியதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பனிமலை ஏறக் கற்பதற்கு உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் ஏறத்தாழ நான்கு வாரத் தொடக்கப் பயிற்சி உண்டு. சேர்த்துவைத்த விடுப்பில் போய் வாருங்கள்.

எழுதக் கற்பதற்கு இமயம் வரை போக வேண்டியதில்லை. கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களுக்குச் செல்லும் பாதை உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. வனத்துறை அனுமதியோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் மட்டுமே செல்லுங்கள்; மலையேறச் சென்ற பலர் உயிரிழந்த 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் உறையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மழையில் பேனா மை கரைந்துவிடும். எந்த வளைவில் மேகம் இறங்கியது, அப்போது மணி என்ன, வழிகாட்டி எந்தத் தடத்தைக் காட்டி நிற்கச் சொன்னார் என்பதை எல்லாம் நின்ற இடத்திலேயே குறித்துவிடுங்கள். கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அதே வழிகாட்டியிடம் படித்துக் காட்டி, அவர் மறுக்கும் இடங்களைத் திரும்ப விசாரியுங்கள்.

எழுத்தில் வரும் பணம் ஓராண்டு முழுவதும் உங்கள் சம்பளத்தில் பாதியையாவது தொடட்டும். அந்தக் கணக்கை அம்மாவிடம் காட்டிவிட்டு, ராஜினாமாவைப் பற்றி அப்போது பேசுங்கள்.